படகில் எழுந்து நின்றவர்கள்

அரைப் பக்கம் போதும் என்றாள் கலைவாணி. கொல்லிமலையில் எங்கள் ஏரியில் சீட்டுக் கொடுக்கும் பெண் அவள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்தவள். சென்ற வாரம் செம்மேட்டுச் சந்தையில் என்னைப் பார்த்ததும் பையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"ஏனுங்க மாமா, முதல் தடவை போட்டுல ஏற வர்றவங்களுக்கு என்னென்ன சொல்லோணும்னு அரைப் பக்கம் எழுதிக் குடுங்க. லேமினேட் பண்ணிக் கவுண்டர்ல ஒட்டிடறோம். புது ஆளுங்களுக்கும் உதவும்."

"யாரு படிப்பா?" என்றேன்.

"படிப்பாங்க மாமா."

படிக்க மாட்டார்கள். இருபத்தாறு வருஷம் அந்தப் படகு மேடையில் நின்றவன் நான். 'கம்பியில் சாயாதீர்கள்' என்று எழுதிய பலகையின் மேலேயே சாய்ந்து படம் எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்தவன். இருந்தாலும் மரியாதையாகக் கேட்டாளே என்று வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் நிற்கவில்லை. என் எரிச்சல் அரைப் பக்கத்தில் அடங்குகிற சரக்கா என்ன?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படகில் ஏறத் தெரியாதவர்களால் எனக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை. தெரியாதவர் பயப்படுவார். சொன்னதைக் கேட்பார். கையைக் கொடு என்றால் கொடுப்பார், உட்கார் என்றால் உட்காருவார். தொல்லையெல்லாம் தெரியும் என்று வருகிறவர்களால்தான். "நாங்க ஊட்டியிலயே போட்டு ஓட்டியிருக்கோம்" என்று ஒருவர் சொன்னால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். போன தடவை அவரை உட்கார வைத்து வேறு யாரோ ஓட்டியிருப்பார்கள். அது இவருக்கு நினைவிருக்காது.

எனக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது? எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; பைல் நாட்டில் மரவள்ளியும் மிளகும் போடுகிற குடும்பம். தண்ணீர் என்றால் எங்களுக்கு நெல் வயலில் முழங்கால் வரைக்கும்தான். ஏரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். நீச்சல் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று கூசாமல் சொன்னேன். மேலாளர் சவரிமுத்து சார் என்னை ஏரியில் இறக்கி, "நீந்துய்யா, பாப்போம்" என்றார். நான் கழுத்து வரைக்கும் நடந்தேன். அதற்கு மேல் நடக்க முடியாது என்று தெரிந்ததும் திரும்பி நடந்து வந்தேன். அவர் சிரிக்கவில்லை, துரத்தவும் இல்லை. இருபது நாள் காலையில் ஆறு மணிக்கு அந்தக் குளிரில் என்னோடு தண்ணீரில் இறங்கிச் சொல்லிக் கொடுத்தார். என் பயிற்சி அவ்வளவுதான்.

சவரிமுத்து சார் கடற்கரை ஊர்க்காரர். கட்டுமரத்தில் வளர்ந்து, அரசாங்க வேலைக்கு வந்து, மாற்றலாகி மாற்றலாகிக் கடைசியில் மலை உச்சியில் வந்து உட்கார்ந்தவர். அவர் ஊர்க் கடலில் எங்கள் ஏரியைக் கொட்டினால் ஓர் அலைக்குக் காணாது. ஆனால் அந்தக் குட்டை ஏரியை அவர் கடல் மாதிரிதான் நடத்தினார். குரலை உயர்த்த மாட்டார். யாரோடும் வாதாட மாட்டார். லைஃப் ஜாக்கெட் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், "சரிங்க" என்பார். சொல்லிவிட்டு ஜாக்கெட்டை நீட்டிய கையை மடக்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எதிரில் இருப்பவர் கத்துவார், மணி பார்ப்பார், மனைவியைப் பார்ப்பார். பிறகு வாங்கிப் போட்டுக்கொள்வார். அந்தப் பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

ஜாக்கெட்டைப் போட்டுவிட்டால் முடிந்ததா? தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். காது வரைக்கும் ஏறி வந்தால் அது ஜாக்கெட் இல்லை, தலையணை. பட்டையை இறுக்க வேண்டும். படம் எடுக்கும்போது புடவையின் கரை தெரியவில்லை என்று அவிழ்த்துவிட்ட அம்மாமார்களை நான் எண்ணி முடிக்க முடியாது. பிறகு காலணியைக் கழற்ற வேண்டும். ஏறும்போது என் விரலைப் பிடிக்கக் கூடாது, மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். வழுக்கினால் விரல் நழுவும், மணிக்கட்டு நழுவாது. காலைப் படகின் விளிம்பில் வைக்கக் கூடாது, நடுவில் வைக்க வேண்டும். வைத்ததும் உட்கார வேண்டும். காட்சி பார்க்கக் கூடாது. ஒருவர் உட்கார்ந்த பிறகுதான் அடுத்தவர் ஏற வேண்டும். இறங்கும்போது கயிறு கட்டுகிற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. ஏரி நடுவில் விழுந்தவர்களை விடக் கரைக்கு வந்துவிட்டோம் என்ற அவசரத்தில் மேடையோரம் விழுந்தவர்கள்தான் அதிகம்.

பெடல் படகில் நடுவில் ஒரு கம்பி இருக்கும். எங்கள் படகுகளில் அதை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். இதைச் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். இருபதடி போனதும் கணவன் ஒரு பக்கம் தள்ளுவான், மனைவி மறுபக்கம் தள்ளுவாள். படகு ஒரே இடத்தில் வட்டம் போடும். சண்டை கரை வரைக்கும் கேட்கும். அரை மணி நேரம் முடிந்ததும் "உங்க போட்டு ரிப்பேருங்க" என்று என்னிடம் வந்து நிற்பார்கள். ஒரு தடவை நாமக்கல்லிலிருந்து ஒரு கோழிப்பண்ணைக்காரர் குடும்பம் இரண்டு படகில் போனது. ஏரி நடுவில் படகுகளை ஒட்டி நிறுத்தி, இந்தப் படகிலிருந்து அந்தப் படகுக்கு டிபன் கேரியரில் எலுமிச்சைச் சாதம் கைமாறியது. நான் ஊதின ஊதலில் விசில் தொண்டையில் போகாமல் இருந்தது ஆண்டவன் புண்ணியம். மலைப்பாதையில் எழுபது வளைவு ஏறி வரும்போது பஸ்ஸில் வாந்தி எடுத்தவர்களுக்கு அந்த நேரத்தில் எப்படித்தான் பசிக்கிறதோ.

ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. அது திமிரால் வருவதில்லை, மரியாதையால் வருவது. அரியூர் நாட்டிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். பெண், மாப்பிள்ளை, இன்னும் இரண்டு பேர் துடுப்புப் படகில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியாகப் பெண்ணின் தாய்மாமன் வந்து காலை வைத்தார். மாமன் நிற்கும்போது உட்கார்ந்திருப்பதா? நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். படகு அப்படியே ஒரு பக்கம் சாய்ந்து, மாமனின் வேட்டி நனைந்து, மாப்பிள்ளையின் செல்போன் தண்ணீருக்குள் போனது. நல்ல வேளை, அதோடு போயிற்று. நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். சவரிமுத்து சார் கத்தவில்லை. மறுநாளிலிருந்து ஒரு முறை வைத்தார்: குழுவில் பெரியவர் யாரோ அவரை முதலில் ஏற்ற வேண்டும். பெரியவர் முன்னாடியே உட்கார்ந்துவிட்டால் யாரும் அவருக்காக எழ வேண்டியதில்லை. "பெரியவங்களுக்குத்தாங்க முதல் மரியாதை" என்று சொல்லி ஏற்றுவோம். அவர்களுக்கும் சந்தோஷம், எங்களுக்கும் நிம்மதி.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

அப்போது நாங்கள் நாலு பேர் தற்காலிகப் பணியாளர்கள். எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டிப்பு வரும்; வராத மாதங்களில் மனைவி முகத்தைப் பார்க்க முடியாது. எங்கள் நாலு பேரையும் நிரந்தரமாக்கலாமா என்ற கோப்பு மேலே போயிருந்தது. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து ஏரியைப் பார்த்து, எங்களைப் பார்த்து, எழுதிவிட்டுப் போவார் என்றார்கள். இந்தத் தடவை தவறினால் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் சாகிற வரைக்கும் தினக்கூலிதான். அன்றைக்குக் காலையில் என் மனைவி சட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "சாமி, இன்னிக்கு ஒரு நாள் அந்த வாயக் கட்டிட்டு இருங்க" என்றாள்.

அதிகாரி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி ஒரு மணிக்கு வந்தார். வளைவுகளில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கூட ஓர் உதவியாளர், கக்கத்தில் கோப்பு. செம்மேட்டு அலுவலகத்திலிருந்து ஓர் எழுத்தர். சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு ரவுண்டு போலாமே" என்றார் அதிகாரி. நான் துடுப்புப் படகில் துடுப்புக்கு உட்கார்ந்தேன். சவரிமுத்து சார் மேடையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க முதல்ல ஏறணும்" என்றார் சவரிமுத்து சார்.

அதே நேரத்தில் அதிகாரிக்குப் போன் வந்தது. "நீங்க ஏறுங்க, வர்றேன்" என்று, ஏற்கெனவே ஜாக்கெட் போட்டிருந்த மற்ற இருவருக்கும் கையைக் காட்டினார். "சார் வரட்டும்" என்று சவரிமுத்து சார் சொல்லி முடிப்பதற்குள் உதவியாளர் உள்ளே வந்துவிட்டார். பின்னாலேயே எழுத்தரும் வந்து உட்கார்ந்தார். மேலிடம் கை காட்டினால் இவர்களுக்குக் கால் தானாக நகரும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைக் கட்டிக்கொண்டேன்.

போன் முடிந்தது. ஜாக்கெட்டை நீட்டினார் சவரிமுத்து சார்.

"அஞ்சு நிமிஷம்தானே? ஓரமாப் போயிட்டு வந்துடலாம். சட்டை கசங்கிடும்."

"சரிங்க சார்."

கை மடங்கவில்லை. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். விடுங்கள் சார், எங்கள் நாலு பேர் பிழைப்பு அந்த ஆளின் பேனாவில் இருக்கிறது, அஞ்சு நிமிஷத்துக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று மனசுக்குள் கெஞ்சினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு அவரை அப்படி வெறுத்தேன். அதிகாரியின் முகம் சிவந்தது. கடைசியில் வெடுக்கென்று வாங்கி மாட்டினார். பட்டையைப் போடவில்லை. சவரிமுத்து சார் மண்டியிட்டு, மூன்று பட்டையையும் போட்டு இறுக்கி, தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஓர் அதிகாரியைச் சின்னப் பிள்ளையைப் போல இழுத்துப் பார்க்கிறாரே, போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

அதிகாரி வலது காலைப் படகில் வைத்தார். இடது கால் மேடையில்.

எழுந்து நின்றேன்.

உதவியாளர் இல்லை, எழுத்தர் இல்லை. நான். ஆயிரம் ஆயிரம் பேரிடம் எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க என்று தொண்டை கிழியக் கத்தியவன், துடுப்பைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். அதிகாரி நிற்கிறார், தினக்கூலிக்காரன் உட்கார்ந்திருக்கிறானே என்று யார் எனக்குச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. முழங்கால் தானாக நிமிர்ந்தது. என்னைப் பார்த்து மற்ற இருவரும் எழுந்தார்கள். படகு மேடையை விட்டு விலகியது. அதிகாரியின் கால்கள் இரண்டும் அகல, அகல, அவர் படகுக்கும் மேடைக்கும் நடுவில் விழுந்தார். உதவியாளர் கோப்போடு மறுபக்கம் விழுந்தார்.

அந்த இடத்தில் ஆளுக்கு மேல் ஆழம். ஆனால் ஆழத்தை விடப் பயம் படகுதான். விலகின படகு திரும்பி வரும். வந்து மேடையில் மோதினால் நடுவில் இருக்கிற தலை என்ன ஆகும்? சவரிமுத்து சார் கயிற்றை விட்டுவிட்டு, மேடை விளிம்பில் சரிந்து உட்கார்ந்து, ஒரு காலை நீட்டிப் படகைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் ஜாக்கெட்டின் தோளைக் கொத்தாகப் பிடித்தார். பட்டை இறுக்கியிருந்ததால் ஜாக்கெட் கழலவில்லை, ஆளோடு சேர்ந்து மேலே வந்தது. நான் மறுபக்கம் குதித்து உதவியாளரைப் பிடித்தேன். அந்த மனிதர் என் கழுத்தைப் பிடிக்காமல் கோப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் நாலு பேரின் பெயர்களும் அதற்குள் ஊறிக்கொண்டிருந்தன.

அரை மணி நேரம் கழித்துச் சீட்டு அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அதிகாரி சவரிமுத்து சாரின் கைலியைக் கட்டிக்கொண்டு டீ குடித்தார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்.

"யாருய்யா முதல்ல எந்திரிச்சது?"

எழுத்தர் கூரையைப் பார்த்தார். உதவியாளர் கோப்பின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பதினோரு வருஷம், மனைவி, வயது வரம்பு எல்லாம் நாக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. மனைவி கட்டச் சொன்ன வாய் அது. அவள் சொன்னது இதற்கு இல்லை.

"என் தப்புதான் சார்" என்றார் சவரிமுத்து சார்.

"நீங்க மேடையிலதானே நின்னீங்க?"

"ஆமா சார். பயிற்சி குடுக்க வேண்டியது நான். குடுக்கல."

அப்படியே எழுதியும் கொடுத்தார். அடுத்த மாதம் அவரைச் சமவெளியில் ஒரு கிடங்குக்கு மாற்றினார்கள். உடைந்த மேசைகளையும் பழைய பதிவேடுகளையும் போட்டு வைத்திருக்கிற இடம். எங்களுக்கு நாலு மாதத்தில் ஆணை வந்தது. நாலு பேருக்கும் வந்தது. மனைவி சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். நான் அதைத் தொடவே இரண்டு நாள் ஆனது.

மூன்றாம் நாள் பஸ் ஏறி அந்தக் கிடங்குக்குப் போனேன். ஒரு நாற்காலி, ஒரு மேசை. சவரிமுத்து சார் ஏதோ பட்டியல் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி எங்கேயும் தண்ணீர் இல்லை. குடிக்கிற தண்ணீரே கேனில் வந்தது. என்னைப் பார்த்ததும் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏனுங்க சார் அப்படிப் பண்ணுனீங்க? நான்தான் முதல்ல எந்திரிச்சேன். நீங்க பாத்தீங்க. உங்களுக்குத் தெரியும். யாரு கேட்டா உங்களை?"

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"வெள்ளையா, தினமும் காலையில நான் மேடைக்கு வருவேன். நீங்க நாலு பேரும் படகுல உக்காந்து ராத்திரி பெஞ்ச மழைத் தண்ணிய இறைச்சிக்கிட்டு இருப்பீங்க. என்னைப் பாத்ததும் என்ன பண்ணுவீங்க?"

நான் மேசை மேலிருந்த பட்டியலைப் பார்த்தேன்.

"படகுலயே எந்திரிச்சு நிப்பீங்க. பதினோரு வருஷம். உக்காருங்கய்யான்னு நான் ஒரு நாள் சொன்னது உண்டா? சொல்லல. எனக்கு அது பிடிச்சிருந்துச்சுய்யா. கடல்ல எங்கப்பாவுக்கு யாரும் எந்திரிச்சது கிடையாது. அங்க எந்திரிச்சா செத்துருவான். அது தெரிஞ்ச நான்தான் உங்களைப் பழக்கினேன். அப்புறம் யாரு தப்புன்னு எழுதறது?"

எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. அழுகை வந்தது என்றும் சொல்லலாம், இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன. இவர் கணக்குத் தப்பு, பிடித்திருந்தது என்பது ஒரு குற்றமா, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான்தானே என்று எவ்வளவோ சொல்ல வந்தேன்.

"உக்காருய்யா" என்றார்.

உட்கார்ந்தேன். அவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"டீ வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். என் முழங்கால் அசைந்தது. நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கடைக்குப் போய், இரண்டு டம்ளரோடு திரும்பி வந்து நிற்கும் வரைக்கும் நான் எழவில்லை.